எழுதாமல் விடப்பட்ட வாக்கியம்



மொழிக்கென அமைந்த பொழிவு வரிசையில் ஒரு கொலை வழக்கைப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஒருவர் வாயால் சொன்னதை மற்றொருவர் தாளில் எழுதும்போது என்ன நேர்கிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அது மொழியைப் பற்றிய பொருள்தான். நாம் பேசப்போகும் வழக்கில், அந்த எழுத்தை ஒட்டி ஒரு மனிதரின் 31 ஆண்டுகள் கழிந்தன.

எழுத்தில் இருப்பதெல்லாம் நடந்ததாகிவிடாது என்பதை இந்த வட்டாரத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கிருந்து பத்தாங் காலி தொலைவில் இல்லை. 1948 டிசம்பரில் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்பதே அரசு தந்த விளக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அந்தப் படையினருள் சிலரே அவ்விளக்கத்துக்கு மாறாகப் பேசினர். தாளில் ஏறிய சொல் எவ்வளவு காலம் உண்மையின் இடத்தில் அமர்ந்திருக்க முடியும் என்பதற்கு அது நம் அண்டையிலேயே உள்ள சான்று.

இனி வழக்குக்கு வருவோம். 1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் இரவு, தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் தேர்தல் கூட்டத்திற்கு வந்த இந்தியாவின் முன்னாள் தலைமையமைச்சர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். பணியில் இருந்த காவலர்களும் கட்சித் தொண்டர்களும் அவருடன் மாண்டனர். இக்கொடுமையை எவ்வகையிலும் சிறிதாக்கிப் பேச நாம் இங்கு வரவில்லை. இறந்தோரின் குடும்பங்களுக்கு உண்மையைப் பெறும் உரிமை முதலில் உண்டு. தவறான ஆளைத் தண்டித்தால் அவர்களுக்கும் நீதி கிடைக்காது.

அவ்வாண்டு ஜூன் 11ஆம் நாள் பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். சோலையார்பேட்டையைச் சேர்ந்தவர், தமிழாசிரியர் குயில்தாசனுக்கும் அற்புதம் அம்மாளுக்கும் மகன், மின்னணுவியலில் பட்டயம் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 19. கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய சிவராசனுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டு வாங்கித் தந்தார், அவை வெடிகுண்டில் பயன்பட்டன என்பதே அவர்மீது சாற்றப்பட்டவற்றுள் முதன்மையானது.

பேட்டரி வாங்குவது குற்றமன்று. எதற்காக என்று அறிந்து வாங்கியிருந்தால்தான் அது கொலைச் சதியில் பங்காகும். ஆகவே வழக்கின் உயிர்நிலை 'வாங்கினாரா' என்ற வினாவில் மட்டும் இல்லை. 'அறிந்து வாங்கினாரா' என்ற வினாவில் இருந்தது. ஒருவர் மனத்தில் இருந்ததை அறிய நீதிமன்றத்துக்குக் கிடைத்த முதன்மையான வழி, அவர் தந்ததாக எழுதப்பட்ட வாக்குமூலம்.

இங்கே சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். காவல்துறை அதிகாரியிடம் தரும் குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. 1872இல் வகுக்கப்பட்ட அச்சட்டமே நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்துக்கும் மூலம். அடைத்து வைத்திருப்பவரே எழுதுபவராகவும் இருந்தால் எழுத்து வளையக்கூடும் என்ற அச்சமே அவ்விதியின் அடிப்படை. 'தடா' என்னும் சிறப்புச் சட்டம் இக்காப்பை நீக்கியது. கண்காணிப்பாளர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள காவல் அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்றது. பேரறிவாளனின் வாக்குமூலம் இவ்வகையில் மத்தியப் புலனாய்வுத் துறையின் கண்காணிப்பாளர் தியாகராஜனால் பதிவு செய்யப்பட்டது.

1998 ஜனவரி 28ஆம் நாள் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மூவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. பேரறிவாளன் உள்ளிட்ட நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. இவ்வழக்குக்குத் தடாவின் பயங்கரவாதக் குற்றப் பிரிவுகள் பொருந்தா என்றும் அந்நீதிமன்றம் கூறியது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் சான்றாக நிலைக்கும் என்றது. சட்டம் விலகிக்கொண்டது, அது பெற்றுத் தந்த எழுத்து மட்டும் நின்றது.

கருணை மனு குடியரசுத் தலைவரிடம் பதினோர் ஆண்டுகள் கிடந்து 2011இல் மறுக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 9ஆம் நாள் தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டது. தமிழ்நாடு கொந்தளித்தது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளம்பெண் தீக்குளித்து மாண்டார். ஆகஸ்டு 30ஆம் நாள் சட்டமன்றம் தண்டனைக் குறைப்பு வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இதன் பின் நிகழ்ந்ததே நம் பொழிவின் மையம். 2013இல் அவ்வாக்குமூலத்தை எழுதிய தியாகராஜனே, பணி ஓய்வு பெற்ற நிலையில், ஓர் ஆவணப்படத்தில் பேசினார். பேரறிவாளன் சொன்னதைச் சொன்னபடியே தாம் எழுதவில்லை என்றார். பேட்டரிகள் எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் கூறியிருந்ததைத் தாம் பதிவு செய்யாமல் விட்டதாகச் சொன்னார். 2017இல் இதையே உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழி ஆவணமாகவும் அளித்தார்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். தூக்குக்குக் குறித்த நாள் 2011. எழுதியவர் வாய் திறந்தது 2013. இடைக்காலத் தடை கிடைக்காமற் போயிருந்தால், 'தெரியாது' என்ற சொல் உரியவர் இறந்து ஈராண்டுகள் கழித்தே உலகிற்கு வந்திருக்கும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி அவைக்கு வந்தது அழுது முறையிட மட்டும் அன்று, சான்றோடு வந்தாள். சிலம்பை உடைத்தாள், முத்துப் பரல் இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கப் பரல் தெறித்தது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற மன்னன் தன் பிழையை உணர்ந்தான். ஆனால் கோவலன் அதற்கு முன்பே வெட்டுண்டு கிடந்தான். திருத்தத்துக்கு இடமில்லாத் தண்டனையில் பின்னர் வரும் சான்றால் பயனில்லை.

ஆசிரியப் பெருமக்களே, ஒரு சிறு பயிற்சியை உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். ஒரு மாணவன் சொல்வதாகக் கொள்ளுங்கள்: "மாமா சொன்னார், கடையில் ஒரு பாராங் கத்தி வாங்கிக் கொடுத்தேன், எதற்கென்று எனக்குத் தெரியாது." இதைச் சுருக்கி எழுதுமாறு வகுப்பைக் கேளுங்கள். "மாமாவுக்குக் கத்தி வாங்கிக் கொடுத்தான்" என்று எழுதுவோர் இருப்பர். சுருக்கம் என்ற அளவில் அதில் பிழை காண்பது அரிது; எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் விடப்பட்ட சொல்லால் அம்மாணவன் இப்போது வேறோர் ஆளாகிவிட்டான். பொய்யைச் சேர்க்காமலே உண்மையைக் கெடுக்க முடியும் என்பதை மாணவர் அறிய இதைவிட நேரான வழி இல்லை.

மறுதரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாக்குமூலத்துக்கு அப்பாலும் சான்றுகள் இருந்தன என்பது அரசுத் தரப்பின் நிலை. தியாகராஜன் கூற்றுக்குப் பின்னும், தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்கவில்லை. 2014 பிப்ரவரி 18ஆம் நாள் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டதற்குக் காரணம், கருணை மனுவின் மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நெடுந்தாமதம். 2022 மே 18ஆம் நாள் அவர் விடுவிக்கப்பட்டதற்குக் காரணம், அமைச்சரவை 2018இல் அளித்த பரிந்துரையின்மீது ஆளுநர் முடிவெடுக்காமல் இருந்தமை. இவற்றுள் எந்த ஆணையும் 'இவர் குற்றம் செய்யாதவர்' என்று கூறவில்லை.

இங்கேதான் நம் மொழி நம்மைச் சோதிக்கிறது. 'விடுதலை' என்ற ஒரே சொல்லால் இருவேறு நிகழ்வுகளைக் குறிக்கிறோம். மூத்தோர் நினைவில் இருக்கும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எண்ணுங்கள். 1944 நவம்பரில் சென்னையில் அந்த இதழாசிரியர் குத்துண்டு இறந்தார். தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945இல் நாடுகடத்தல் ஆயுள் தண்டனை கிடைத்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று இருவரையும் விடுவித்தது. அதுவும் விடுதலை. பேரறிவாளன் பெற்றதும் விடுதலை. முன்னது தண்டித்த தீர்ப்பையே நீக்கியது; பின்னது சிறைக் கதவைத் திறந்தது, தீர்ப்பை அப்படியே விட்டது.

இவ்வேறுபாட்டை மறந்ததால் தமிழ்நாட்டு மேடைகளிலும், நம்மூர் ஒட்டுக்கடைகளிலும்கூட, இருதரப்பாரும் வேறு வேறு பொருளை ஒரே சொல்லால் பேசினர். ஒரு தரப்பார் 'விடுதலையாகிவிட்டார், ஆகவே நிரபராதி' என்றனர். மறு தரப்பார் 'தீர்ப்பு நிற்கிறது, ஆகவே ஐயத்துக்கு இடமில்லை' என்றனர். இரண்டும் தாவல்கள். நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: தண்டனைக்கு அடிப்படையான ஓர் எழுத்தை எழுதியவரே அது முழுமையானதன்று என்று கூறிவிட்டார், அக்கூற்றை முழுமையாக எடைபோட்டு அறிந்தாரா அறியாரா என்று முடிவுகட்டிய மறுவிசாரணை நடக்கவில்லை. ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே உரியது என்னும் நெறியை ஏற்போர்க்கு, இது வாளாவிருக்கத் தக்க செய்தி அன்று.

அண்டை நாட்டு வழக்கென்று நாம் இதைக் கேட்டுவிட்டுப் போகலாகாது. மலேசியாவில் கட்டாயத் தூக்குத் தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கொலைக் குற்றத்துக்குத் தூக்கு விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்றும் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழில் பேசுவர். காவல் நிலையத்தில் எழுத்து மலாயில் அமையும். இரு மொழிகளுக்கு இடையே ஒரு 'தெரியாது' நழுவிப் போக வாய்ப்பு மிகுதி. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு ஒரு காப்பைத் தருகிறது: வாக்குமூலம் தந்தவர் எம்மொழியில் சொன்னாரோ அம்மொழியிலேயே அதனைப் படித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் செய்ய வாய்ப்பளித்து, அதன் பின்னரே கையொப்பம் பெற வேண்டும். இவ்வுரிமையை அறிந்த பிள்ளை, "ஐயா, நான் சொன்ன ஒரு வாக்கியம் இதில் இல்லை" என்று பணிவோடு சொல்ல முடியும். அறியாத பிள்ளை கையொப்பமிட்டுவிடுவான்.

மாணவர்களே, நீங்கள் எழுதப் பழகும்போது பிறர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதப் பழகுங்கள். நாளை உங்களுள் ஒருவர் நிருபராகலாம், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகலாம், காவல் அதிகாரியாகலாம். அப்போது உங்கள் எழுதுகோல் ஒரு வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று தயங்கும் கணம் வரும். அக்கணத்தில் இந்த வழக்கை நினையுங்கள். பேரறிவாளன் 2012இல் சிறையிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி 1200க்கு 1096 மதிப்பெண் பெற்றார். அவர் 19 வயதில் சென்று 50 வயதில் திரும்பினார். ஒரு வாக்கியத்தை மறுபடி எழுதிவிடலாம். அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.