கண்ணாடித் தொட்டியும் ஊர் ஏரியும்

(ஒரகடம் பகுதி ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏரியைப் பற்றிப் பேசவேண்டிய கூட்டத்தில் கண்ணாடித் தொட்டி மீனுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். இரண்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை விளக்கவே விரும்புகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின; அவற்றோடு நம் ஊர்களில் வாடகை வீடுகளும் பெருகின. வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரும் தொலைவில் இல்லை. அங்கு விற்கும் மீன்களுள் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை பல. அவை அழகும் அறிவும் உடையவை. சண்டைக் குணமும் உடையவை.

ஆதலின் வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

முதலாவது, எவ்வளவு வளரும்? விரல் நீளத்தில் வாங்கும் ஆஸ்கார் மீன் ஓர் அடிக்குமேல் வளரும். இரண்டடித் தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீரே கொள்ளும். அதில் அதற்கு இடமேது?

இரண்டாவது, எத்தகைய நீர் வேண்டும்? ஆப்பிரிக்க மலாவி ஏரி மீனுக்குக் கடின நீர் வேண்டும். தென்னமெரிக்க டிஸ்கஸ் மீனுக்கு மென்னீர் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் இடுதல் பிழை.

மூன்றாவது, குணம் என்ன? பிளவர்ஹார்ன் தனித்தே வாழத்தக்கது. கூட்டாளியைக் கடித்துக் கொன்றுவிடும்.

சிறு தொட்டிக்கு நம் நாட்டுச் செல்லாக்காசு மீனே ஏற்றது. மூன்று அங்குல அளவே வளரும். ஆணும் பெண்ணும் கூடி முட்டையையும் குஞ்சையும் காக்கும். ஆனால் அக்காலத்தில் பிற மீன்களை விரட்டும். ஆகவே இரண்டடித் தொட்டிக்கு ஓர் இணை போதும். இதன் உறவினமே செத்தக்கெண்டை. கேரளத்தார் கரிமீன் என்பர். செல்லாக்காசின் இளமீன்கள் செத்தக்கெண்டையின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி நீக்குவதை 1972இல் ஆய்வாளர் இருவர் விளக்கினர். எனினும் செத்தக்கெண்டை பெரிதாக வளர்வதால் அதற்குக் குளமே தகும்.

இனி ஏரிக்கு வருவோம். வேலை மாறி ஊர்விட்டுச் செல்வோர் மீனைக் கொல்ல மனமின்றி ஏரியில் விட எண்ணுவர். இரக்கம் நன்று, செயல் தீது. நாம் ஜிலேபி என்றழைக்கும் திலேப்பியாவும் ஒரு சிக்லிட்டே. உணவு பெருகும் என்னும் நன்னோக்கத்தோடு 1952இல் நம் நாட்டிற்குக் கொண்டுவந்தனர். சில திங்களிலேயே பருவமெய்தி, முட்டையை வாயில் வைத்துக் காத்து, ஆண்டுக்குப் பன்முறை பெருகிற்று. பிற மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்தது. 1959இல் அதனைப் பரப்புதலைத் தடுத்தனர். ஆனால் அதற்குள் நிலைமை கைமீறிவிட்டது.

இங்குள்ள ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலேரிகளின் உபரி நீர் கால்வாய் வழியே சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்தை அடைகிறது. ஓரிடத்தில் விட்ட மீன் மழைக்காலத்தில் எங்கும் செல்லும். தொட்டியில் செய்த தவறு ஒரு வீட்டோடு முடியும். ஏரியில் செய்த தவறு தலைமுறைக்கும் நிற்கும்.

ஆகவே ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வளர்ப்பு மீனை ஏரியில் விடலாகாது என்று கரையில் பலகை வையுங்கள். வளர்க்க இயலாதோர் கடைக்காரரிடமோ மற்றொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கும்படி கிராம சபையில் எடுத்துரையுங்கள். முன்னோர் வெட்டிய ஏரியைக் காத்தல் நம் கடமையன்றோ?