‘கி’க்கு ரெண்டு கட்டம், ‘கீ’க்கு ஒண்ணு: டெர்மினலில் தமிழ் ஏன் உடையுது?

இன்னைக்கு ஒரு ஊர்ப் பேர்ல இருந்து ஆரம்பிப்போம். காயல்பட்டினம். தூத்துக்குடி மாவட்டம், முத்துக்குளித்துறைக் கடற்கரை. இந்தப் பேர்ல எத்தனை எழுத்து? கா, ய, ல், ப, ட், டி, ன, ம். எட்டு. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

கம்ப்யூட்டரைக் கேட்டா ஆளுக்கொரு பதில் வரும். யூனிகோட் கணக்குல 13 குறியீடுகள். யூடிஎஃப்-8ல சேமிச்சா 39 பைட். பல டெர்மினல்கள் இதுக்கு ஒதுக்குறது 10 கட்டம். 8, 10, 13, 39. ஒரே பேருக்கு நாலு கணக்கு. டெர்மினல்ல தமிழ் உடையுறதுக்கான காரணம் இந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு.

டெர்மினல்னா என்னன்னு புதுசா கேட்கிறவங்களுக்கு: நாம கமாண்ட் தட்டுற அந்தக் கறுப்புத் திரை. இன்னைக்கு நாம பயன்படுத்துறது ஒரு மென்பொருள். அது நடிச்சுக் காட்டுறது பழைய ஒரு கருவியை. 1978ல டிஈசி நிறுவனம் விடி100னு ஒரு டெர்மினலை வெளியிட்டது. 80 பத்தி, 24 வரி. கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்கும், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. ஆங்கிலத்துக்கு இது கச்சிதமா பொருந்துச்சு. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு ரெண்டு கட்டம்னு பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. தமிழ் இந்த ரெண்டுலயும் அடங்கலை.

எப்படின்னு பாருங்க. எந்தக் குறியீட்டுக்கு எத்தனை கட்டம்னு சொல்ல ‘டபிள்யூசிவிட்த்’னு ஒரு சின்ன நிரல் இருக்கு. மார்க்குஸ் கூன் எழுதினதைப் பல டெர்மினல்கள் அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அது யூனிகோட் பட்டியலைப் பார்த்து முடிவு பண்ணும். அந்தப் பட்டியல்ல புள்ளி இடம் அடைக்காத குறி, அதனால பூஜ்யம். மேல்விலங்கு இடம் அடைக்கும் குறி, அதனால ஒண்ணு. சுழி போட்ட மேல்விலங்கு? அது இடம் அடைக்காத குறியாம். விளைவு, ‘கி’க்கு ரெண்டு கட்டம், ‘கீ’க்கு ஒரே கட்டம். குறிலுக்கு இடம் கூட, நெடிலுக்குக் குறைவு!

அடுத்து, காயலுக்குப் பக்கத்துல இருக்கிற பழைய முத்துத் துறைமுகம், கொற்கை. ‘கொ’வை நினைவகத்துல முதல்ல ‘க’, அப்புறம் உயிர்க்குறினு வைக்கிறோம். திரையில வரையும்போது கொம்பு இடது பக்கம், துணைக்கால் வலது பக்கம். மூணு வடிவம், கிடைக்கிறது ரெண்டு கட்டம். இப்படி இடம் மாத்தி, சேர்த்து வரையுற வேலைக்கு ‘ஷேப்பிங்’னு பேரு. இன்னைக்கு ஆண்ட்ராய்ட், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாத்துலயும் இதைச் செய்யுறது ஹார்ஃப்பஸ்ங்கிற நிரல்தொகுப்பு. அது இல்லாத டெர்மினல்ல கொம்பு தன் இடத்தை விட்டு, ஒரு புள்ளி வட்டத்தோட தனியா நிக்கும்.

பெரும்பாலானவங்க இங்க முதல்ல பண்ணுறது ஃபாண்டை மாத்துறது. ஃபிரா கோட் மாதிரி புரோகிராமர்கள் விரும்புற ஃபாண்டுகள்ல தமிழே கிடையாது. சிஸ்டம் வேற எங்கிருந்தோ ஒரு தமிழ் ஃபாண்டைக் கடன் வாங்கும். அது எதுன்னு நாமளே சொல்லலாம். கிட்டி டெர்மினல்ல ‘சிம்பல் மேப்’னு ஒரு வரி போட்டா தமிழ் எழுத்துகளை மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழுக்கு அனுப்பிடலாம். எழுத்து அழகாகும். ஆனா கட்டக் கணக்கு மாறாது.

இது ஏன் முக்கியம்? சர்வர்ல ஓடுற நிரல் அங்க ஒரு கணக்குப் போடுது. உங்க லேப்டாப்ல இருக்கிற டெர்மினல் இங்க ஒரு கணக்குப் போடுது. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா கர்சர் நிக்கிற இடம் ஒண்ணு, அழியுற எழுத்து வேற ஒண்ணு. தமிழ்ல பேர் வச்ச ஒரு கோப்பைத் திருத்தப் போறீங்க, எதைத் திருத்துறீங்கன்னு கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு தடவை இப்படி ஆனா மூணாவது தடவை என்ன பண்ணுவோம்? கோப்புக்கு ஆங்கிலத்துல பேர் வச்சுடுவோம். யாரும் தடை போடாமலே தமிழ் அந்தத் திரையை விட்டு வெளியேறிடும்.

காயல்பட்டினத்தை நான் எடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அந்த ஊர்ல தமிழை ரெண்டு லிபியில எழுதியிருக்காங்க. அரபு எழுத்துகளோட, தமிழ் ஒலிகளுக்குன்னு கூடுதல் எழுத்துகளும் சேர்த்து உருவானது அர்வி. 1816ல காயல்பட்டினத்துல பிறந்து கீழக்கரையில வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதுல நூல்கள் எழுதியிருக்கார். அர்வி வலமிருந்து இடமா, ஒட்டி ஒட்டி எழுதுற லிபி. க்னோம் டெர்மினல் இந்த மாதிரி எழுத்தோட்டத்தை முறையா கையாளத் தொடங்கினதே 2019லதான். ஆக, அந்த ஊர்க்காரங்களோட ரெண்டு எழுத்துமே கட்டத்துக்குள்ள தடுமாறுது.

அதே 1978லதான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தது. துதிக்கை வச்ச பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் போய் இப்போ நாம எழுதுற வடிவம் வந்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதியா இருக்கணும்னு நம்ம எழுத்து அப்போ வளைஞ்சு கொடுத்தது. இந்தத் தடவை அப்படி வளைய வேண்டியதில்லை. மாத்த வேண்டியது சில ஆயிரம் வரி மென்பொருள், அதுவும் திறந்த மூலம்.

மாற்றம் தொடங்கியும் இருக்கு. முழு எழுத்தா எண்ணுற ‘மோட் 2027’ங்கிற ஏற்பாடு கான்டூர், கோஸ்ட்டி போன்ற டெர்மினல்கள்ல இருக்கு. எத்தனை கட்டம் வேணும்னு நிரலே டெர்மினலுக்குச் சொல்லிடுற ஒரு வழிமுறையைக் கிட்டி முன்வச்சிருக்கு.

நீங்க இன்னைக்கே செய்யக்கூடியது ஒண்ணு. டெர்மினல்ல ஒரு வரியில ‘கி’ போட்டு ஒரு நெட்டுக்கோடு, அடுத்த வரியில ‘கீ’ போட்டு ஒரு நெட்டுக்கோடு அச்சிடுங்க. ரெண்டு கோடும் நேரா நின்னா, உங்க டெர்மினல் ரெண்டையும் ஒரே மாதிரி எண்ணுது. கோணலா நின்னா, அதோட திரைப்படத்தை எடுத்து அந்தத் திட்டத்தோட பிழைப் பட்டியல்ல போடுங்க. எந்த எழுத்து, எத்தனை கட்டம், எந்தப் பதிப்புன்னு எழுதினாலே போதும். தமிழ் தெரியாத டெவலப்பருக்கும் அது புரியும்.

அடுத்த அத்தியாயத்துல சந்திப்போம்.