மாதிரிக் காயும் கைப்பேசிச் செயலியும்



இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் புற்றடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் ஏலத்துக்கு வருவதை உங்களுட் பலர் அறிவீர்கள். உடும்பன்சோலையிலும் வண்டன்மேட்டிலும் நம்மவர் கைகள் பறித்த காய் அது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிறிது சாம்பிள் எடுத்து வைப்பார்கள். வியாபாரி நிறத்தையும் பருமனையும் கண்டு விலை கேட்பார். கைப்பிடிக் காயைக் காட்டியவருக்கு மூட்டைக் காய் விலைபோகிறது.

கைப்பேசிச் செயலியைத் தனியாளாக ஆக்கி விற்பவர், கொழிஞ்சாம்பாறையில் இருந்தாலென்ன, சென்னையில் இருந்தாலென்ன, சில நாள் இலவசமாகப் பார்க்கக் கொடுக்கலாகாதா? நகலெடுக்க அவருக்குச் செலவில்லையே! நானும் இவ்வாறு கேட்டவன்தான்.

முதற்கண் கடையின் விதி. ஆப்பிள் நிறுவனம் 2008-இல் செயலிக் கடையைத் திறந்தபோது, விலைச் செயலியைப் பார்த்துவிட்டு வாங்கும் வழி அங்கே இல்லை. செயலியை இலவசமாகத் தந்து, உள்ளே சுழி விலையில் வெள்ளோட்டம் வைத்து, கெடு முடிந்தபின் பணம் கேட்கலாம் என 2018-இல்தான் விதி தெளிவாயிற்று. வழி பிறந்தது, கூடவே வேலையும் பிறந்தது. சொந்தமாக நாளை எண்ணுவதானால், கடிகாரத்தைப் பின்னே திருப்புவோரையும், செயலியை நீக்கி மீண்டும் ஏற்றுவோரையும் கண்டறிய வேண்டும். பெரிய நிறுவனத்தில் அதற்கெனத் தனி ஆள் உண்டு. தனியாளுக்கோ, அவ்வாரங்கள் செயலியின் குறை களையும் நேரத்திலிருந்தே கழிகின்றன.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. சாம்பிள் காய் ஒரு நாள் பாயசத்தை மணக்கச் செய்யும்; மறுநாள் மீண்டும் காய் வேண்டும். செயலியோ பலருக்கு ஒரே முறைதான் தேவைப்படுகிறது. திருமண அழைப்பிதழ் அமைக்கவும், பழைய ஒளிப்படத்தைத் திருத்தவும் ஏழு நாள் தாராளம். எட்டாம் நாள் காசு கேட்டால், ஏமாற்று என்றெழுதி ஒற்றை நட்சத்திரம் இட்டுச் செல்வாரும் உளர். பின்வருவோர் அதைக் கண்டே திரும்பிவிடுகின்றனர்.

வருவாயோ சிறிது. ஆப்பிள் கடையில் ஆண்டுக் கட்டணமே 99 டாலர். 100 ரூபாய்ச் செயலியில், 2021 முதல் சிறு விற்பனையாளர்க்கு வந்த 15 விழுக்காட்டுத் தரகு போனால், வரி ஒருபுறமிருக்க, 85 ரூபாய் மிஞ்சும். இலவசமாகப் பார்ப்போரின் ஐயங்களுக்கும் விடையெழுத வேண்டியவர் அவரே.

வாங்குவோர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. தோட்டக் கூலியில் 100 ரூபாய் சிறு தொகையன்று. கூகுள் கடையில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டு. பலர் அதை அறியார். என்னைக் கேட்டால், நாள் கெடுவினும், சில வசதிகள் மட்டும் என்றும் இலவசமாயுள்ள சிறு பதிப்பே இருவர்க்கும் ஏற்றது. அதுவும் இல்லையேல், அக்கடையின் பக்கத்திலேயே ஆக்கியவரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். வாங்குமுன் உங்கள் ஐயத்தை அவருக்கே எழுதிக் கேளுங்கள்.