கயிலைக்குக் கூட்டமாய்ப் போவோர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையென்று பேர் சொல்ல நமது குடாநாட்டிலே இருப்பது கீரிமலை. அதன்மேல் நின்றாலும் கடல் காலடியில்தான் கிடக்கிறது. இத்தகைய சமதரையிலே பிறந்த நாம், நல்லூரிலே கைலாசநாதருக்கும் கைலாசபிள்ளையாருக்கும் கோயில் வைத்திருக்கிறோம். திருக்கோணமலையைத் தட்சிண கைலாசம் என்று போற்றுகிறோம். வடகயிலையை ஒருமுறையேனும் காண ஆசைப்படுகிறோம். இளைஞர் சிலர் அவ்வாசையைக் காரியமாக்க நினைக்கிறார்கள், வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

திபெத்தின் மேற்கே, 6638 மீற்றர் உயரத்தில் நிற்பது கயிலை. நமக்கு மட்டுமன்றிப் பௌத்தருக்கும் சமணருக்கும் திபெத்தின் பழைய பொன் சமயத்தாருக்கும் அது புனிதமானது. சிகரத்தில் எவரும் ஏறியதாகப் பதிவில்லை. சுற்றி வருவதே வழிபாடு. சுற்று ஏறக்குறைய 52 கிலோமீற்றர். நம்மவர் மூன்று நாளில் நடக்கிறார்கள். நடுவிலே டோல்மா கணவாய், 5630 மீற்றர். இலங்கையின் அதியுயர்ந்த பீதுருதாலகாலையோ 2524 மீற்றர்தான். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே நடக்கவேண்டும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

1962ஆம் ஆண்டு யுத்தத்தோடு அடைபட்ட இந்திய வழி 1981இல் திறந்தது. 2020இல் நின்று 2025இல் மீண்டும் தொடங்கியது. ஆனால் இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கே உரியது. நாம் காத்மண்டு வழியாகப் போகலாம். திபெத்திலே வெளிநாட்டார் தனியாகத் திரியவும் அனுமதியில்லை. பிரயாண முகவர் மூலம் குழுவாகவே புகவேண்டும்.

அங்கே முதற்பகை குளிரன்று, காற்று. டோல்மாவில் ஒரு மூச்சிலே கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். மெல்ல ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். 3000 மீற்றருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது வைத்தியர் விதி. வாகனத்தில் விரைந்து போவோர் இதை மீறிவிடுகிறார்கள். முதலில் தலையிடி, வாந்தி, நித்திரையின்மை. அலட்சியம் செய்தால் மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். அப்பொழுது உடனே கீழே இறக்குவதே சிகிச்சை. இதில் வாலிபமும் தேகப்பயிற்சியும் காவல் அல்ல. பந்தாட்ட வீரன் விழ, அவன் பெரியப்பா சுகமாக நடந்து போவதும் உண்டு. இளைஞர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும்!

மலையின் மனமும் நம் கையில் இல்லை. 1998 ஆகஸ்டில் இந்திய வழியிலுள்ள மால்பாவிலே மலை சரிந்து, சுமார் 60 யாத்திரிகர் உட்பட 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018 ஜூலையில் நேபாளத்துச் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் கெட்ட வானிலையால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நாட்கணக்கில் அகப்பட்டுக் கிடந்தனர். பிரயாணத் திட்டத்திலே வெறும் நாட்கள் சில இருக்கவேண்டும். விடுமுறையை எண்ணிக்கொண்டு போகிறவன் தானும் அவசரப்பட்டு மற்றவரையும் அவசரப்படுத்துவான்.

அப்பர் சுவாமிகள் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார். உடன் வந்தோரைக் காசியிலே விட்டுத் தனியே போனார். கால் தேய்ந்தது, கையால் ஊன்றினார், மார்பால் உந்தினார், புரண்டார். இறைவனோ அவரைக் கயிலை வரை நடத்தவில்லை. பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றிலே எழுப்பிக் கயிலைக்காட்சியை அங்கே கொடுத்தார் என்கிறது பெரிய புராணம். ஆடியமாவாசையன்று நாம் கீரிமலையில் தீர்த்தமாடும்போது, திருவையாற்றிலே அந்தக் காட்சியைத்தான் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அப்பரே சுற்றி முடிக்காத மலையை, தலைசுற்றி விழும் நிலையிலும் முடித்தே தீருவேன் என்று நம்மில் ஒருவன் பிடிவாதம் பிடித்தால் அதைப் பக்தி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே போவோர் இங்கேயே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளட்டும். குழுவுக்குத் தலைவர் ஒருவர். அவர் திரும்பு என்றால் திரும்பவேண்டும். திரும்புகிறவரோடு இன்னொருவரும் திரும்பவேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதை மானசரோவரத்தில் அல்ல, யாழ்ப்பாணத்திலேயே தீர்மானிக்கவேண்டும். தலையிடியை மறைப்பது கூட்டத்துக்குச் செய்யும் துரோகம். ஊருக்கு வந்தபின் திரும்பியவரைப் பரிகசிக்கிற வழக்கமும் நமக்கு வேண்டாம். அது நம்மூரில் கொஞ்சம் அதிகம்.

முன்னதாக எல்லோரும் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஒருமுறை ஏறி வாருங்கள். 2243 மீற்றர் உயரம் காற்றைப்பற்றி எதுவும் சொல்லாது. முழங்காலைப்பற்றியும், களைத்தபோது யார் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்பதைப்பற்றியும் நன்றாகச் சொல்லும். பிறகு வைத்தியரின் எழுத்தையும் வீட்டாரின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்டு செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.