பச்சை டிராகன் சத்திரம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் மாட்டாமாட்டா என்ற சிற்றூர் வரும். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுப் பண்ணை. அந்தப் பண்ணைக்குள்ளேதான் ஹாபிட்டன் இருக்கிறது. ஆம், டோல்கீன் தமது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் ஹாபிட்கள் என்ற குள்ள மனிதர்களுக்காகக் கற்பனையில் கட்டிய அதே ஊர்.

1998இல் இந்த நாவலைப் படமாக்க இயக்குநர் பீட்டர் ஜாக்சன் வானிலிருந்து இடம் தேடியபோது கண்ணில் பட்ட நிலம் இது. முதலில் போட்ட செட் தற்காலிகமானது. 2011இல் 'தி ஹாபிட்' படங்களுக்காக அதைக் காலத்துக்கும் நிற்கும்படி திரும்பக் கட்டினார்கள். பச்சைச் சரிவெங்கும் வட்ட வட்டமான கதவுகள், நாற்பதுக்கும் மேலே. ஆனால் பெரும்பாலான கதவுகளுக்குப் பின்னால் வீடு கிடையாது. உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி முழு வீடு 2023 கடைசியில்தான் வந்தது.

அதற்கு வெகு முன்பே, 2012இலேயே, உண்மையாகத் திறந்த கதவு ஒன்று உண்டு. சரிவிலிருந்து இறங்கி, இரட்டை வளைவுக் கல்பாலத்தைக் கடந்தால், மாவு ஆலையை அடுத்து நிற்கிறதே, பச்சை டிராகன் சத்திரம், அதன் கதவு. கூரைக்கு வேய்ந்த கோரை அந்தப் பண்ணையிலேயே அறுத்தது. உள்ளே தாழ்ந்த மர உத்தரங்கள், கணப்பில் எரியும் விறகு, மதுமேடைக்கு மேலே மரத்தில் செதுக்கிய டிராகன். படத்தில் நாம் பார்த்த உட்புறம் வெலிங்டன் ஸ்டூடியோவில் எடுத்தது. இங்கே இருப்பது வருகிறவர்கள் உட்காருவதற்கென்றே கட்டியது. இங்கு மட்டும் கிடைக்கும்படி வடித்த பியர் உண்டு, ஆப்பிள் சைடர் உண்டு. மது வேண்டாதவர்களுக்கு இஞ்சி பியர். எதுவானாலும் கனமான மண்குவளையில் தருவார்கள். இரு கைகளாலும் பிடித்துக் குடிக்கும்போது குளிர் போன இடம் தெரியாது.

நாவலில் இந்தச் சத்திரத்துக்கு வரும் கதியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. போர் முடிந்து, கதையின் நாயகர்களான நான்கு ஹாபிட்களும் ஊர் திரும்புகிறார்கள். சத்திரத்தின் சன்னல்கள் உடைந்து கிடக்கின்றன, ஆள் அரவமில்லை, சுவரோரம் முரடர்கள் சாய்ந்து நிற்கிறார்கள். தங்கள் மண் பறிபோனது அங்கே அவர்களுக்கு இன்னும் ஆழமாக உறைக்கிறது. ஊர்க்கதை பேச ஓரிடம் இல்லாமல் போவது ஒரு ஊருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது டோல்கீனுக்குத் தெரிந்திருந்தது. ஜாக்சன் அந்தப் பகுதியைப் படமாக்கவில்லை. அவருடைய நால்வரும் திரும்பி வந்து, இதே சத்திரத்தில் பேசாமல் குவளையை உயர்த்துகிறார்கள்.

போக விரும்புகிறவர்கள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ஒரு குவளை பானம் கட்டணத்திலேயே அடக்கம். அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். என்னைக் கேட்டால், கணப்பருகே உட்கார அதுதான் சரியான பருவம்.