தலைவர் கையில் ஒரு கொப்பி இருக்கட்டும்

(தோட்டக் கமிட்டிகளுக்குப் புதிதாகத் தெரிவானவர்களுக்கு நடந்த தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நமக்குத் தந்திருக்கும் தலைப்பு ‘நல்ல தலைமை’. பெரிய தலைவர்களைப் பற்றிப் பேசுவது லேசு. நாம் பேச வேண்டியது பிரட்டுக்களத்திலும் மலையிலும் தராசடியிலும் நிற்கிற தலைவரைப் பற்றி. லயத்தில் இருப்பவருக்குச் சங்கம் என்றால் அது தூரத்துக் காரியாலயம் இல்லை, நீங்கள்தான்.

நாங்கள் பட்ட ஓர் அவமானத்திலிருந்து தொடங்குகிறோம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் சில பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது. ஈரத்துக்கும் படங்குக்கும் என்று தராசில் கழித்த கிலோ அதிகம் என்பது அவர்களின் முறைப்பாடு. எங்கள் கமிட்டி உட்கார்ந்து விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில் சத்தம் போட்டு வேலையை நிறுத்தினோம். துரை வந்து மூன்றே கேள்வி கேட்டார்: “எந்தத் திகதி? யாருக்கு? எத்தனை கிலோ?” எங்களிடம் பதில் இல்லை. பகல் வரைக்கும் நின்றுவிட்டு மலைக்கு ஏறினோம். அன்றைக்கு எல்லோருக்கும் அரைப்பேர். முறைப்பாடு சொன்ன அக்கா ஒருவர் கேட்டார்: “என்னா தலைவரே, எங்களுக்கு மட்டும் போன அரைநாளு இப்ப தோட்டத்துக்கே போயிருச்சே?”

அதற்குப் பிறகுதான் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டோம். பிள்ளைகளின் பழைய பாடசாலைக் கொப்பியில் ஒவ்வொரு நிறுவையையும் எழுத வைத்தோம்: திகதி, மலை, நிறுத்த கிலோ, கழித்த கிலோ. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதினார்கள். ஒரு மாதம் கழித்துக் கொப்பியையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினோம். இந்தமுறை சத்தமே இல்லை. வெறும் படங்கை நிறுத்துப் பார்த்து, அந்த எடையை மட்டும் கழிப்பதற்குத் துரை ஒப்புக்கொண்டார். ஈரத்துக்குக் கழிக்கிற விடயத்தில் முடிவு வரவில்லை. அதையும் மறைக்காமல் அன்று மாலையே லயத்தில் சொன்னோம்.

தோழர்களே, தலைமைக்கு வேண்டியது எல்லாம் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது. முதலில் கேட்க வேண்டும். முறைப்பாடு கொண்டு வருகிறவரை “நம்ம சங்கமா, அந்தச் சங்கமா” என்று பார்க்காதீர்கள். தராசு சங்கம் பார்த்துக் கழிப்பதில்லை. அடுத்தது எழுத வேண்டும். பிறகு, துரையிடம் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கடைசியாக, திரும்பி வந்து கிடைத்ததையும் கிடைக்காததையும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் தவறணையில் வேறு கதை பிறக்கும்.

இன்னொன்று. தலைவர் பதவியைக் காட்டி லேசான வேலை வாங்காதீர்கள். செங்குத்து மலையில் நிற்கிறவர்கள் அதை மறக்க மாட்டார்கள். நம் உறுப்பினர்களில் கங்காணிமாரும் இருக்கிறீர்கள். பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நிரையில் எல்லோர் முன்னாலும் ஏசினால் அன்றைக்குக் கொழுந்து வரலாம், மரியாதை வராது.

இதெல்லாம் வெறும் நல்ல பழக்கம் என்று நினைக்காதீர்கள். கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தப்படி, தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதோர் உறுப்பினராக உள்ள சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. ஒரு தலைவரின் முன்கோபத்தால் பத்துச் சந்தா போனால், பேச்சுவார்த்தை மேசையில் நம் கதிரையும் ஆட்டம் காணும்.

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்ட மக்கள் முன் பாட்டுப் பாடிச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். இன்றைக்கு எத்தனை தோட்டத்தில் தலைவர் ஒரு பெண்? மாலை ஆறரை மணிக்கு, அடுப்பு எரிகிற நேரத்தில் கமிட்டிக் கூட்டம் வைத்துவிட்டு, “பொம்பளைங்க வர்றதில்லை” என்று குறை சொல்கிறோம். எங்கள் தோட்டத்தில் கூட்டத்தை ஞாயிறு பகலுக்கு மாற்றினோம். மூன்றாவது கூட்டத்தில், கொப்பி எழுதிய அந்த அக்காவே முதலில் எழுந்து பேசினார்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டமும் ஒரு கொப்பி கொண்டு வாருங்கள். வெறும் கொப்பியாக வேண்டாம், ஒரு மாத நிறுவை அதில் இருக்கட்டும். அதை எழுதிய அக்காவையோ தங்கச்சியையோ கையோடு கூட்டி வாருங்கள்.