தூரம் கூடினாலும்...



டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் முன்பு மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போனது. 2016 அக்டோபரில் கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். சுமார் 15,300 கி.மீ.; பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆனாலும் 14½ மணியில் போய்விட்டது. ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம்! உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று முதுகில் தள்ளியதுதான் காரணம்.

குறுக்குத்துறையில் குளித்த நமக்கு இது புதுசா? ஆத்துல தண்ணி இழுக்கும்போது நேர் எதிரேயா நீந்துவோம்? இழுப்போடு சாய்ந்து, நாலு படி தள்ளித்தானே கரையேறுவோம்!

அரியர் விழுந்து ஒரு வருஷம் பின்தங்கி, படிப்பையே விட நினைத்தவன் நான். சுற்றித்தான் வந்தேன், தம்பிகளே. வந்து சேர்ந்துட்டேன்.